அம்மாவுக்குப் படித்துக் காட்டியது

அடி அண்ணாமலை,
10.6.1979

அன்புள்ள சரசு அக்காவுக்கு,

ரேணு எழுதுவது. இங்கே அம்மா, அப்பா, நான் மூன்று பேருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. நீயும் மாமாவும் குழந்தையும் எப்படி இருக்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ளத்தான் இந்தக் கடிதம்.

குழந்தை ஆணா பெண்ணா, அக்கா? போன கார்த்திகையில் பிறந்திருக்க வேண்டும் என்று விரல் விட்டுப் பார்த்தேன். இப்போது ஏழு மாதம் இருக்கும். உட்காருகிறதா? யார் ஜாடை?

நீ ஞானஸ்நானம் வாங்கி மாமாவைக் கட்டிக்கொண்டாய் என்று தெரிந்த அன்று அப்பா கிணற்றடியில் தலை முழுகினார் அல்லவா, அன்றிலிருந்து இந்த வீட்டில் உன் பெயர் கிடையாது. அம்மா மட்டும் மாட்டிடம் சொல்கிறாள். நேற்றுகூடத் தண்ணீர் காட்டும்போது, "பெரியவ இருந்தா உனக்கு இன்னும் ஜாஸ்தி தவுடு கலந்திருப்பா, என் கையில இவ்ளோதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். முன்பு போலச் சாப்பிடுவதில்லை. கேட்டால் பசிக்கவில்லை என்கிறாள்.

போன வருஷம் அம்மா சொல்லி நான் உனக்கு எழுதினேனே, அந்தக் கடிதத்தை நினைத்து உனக்கு எங்கள்மேல் கோபம் இருக்கலாம். அதைப் பற்றி இப்போது வேண்டாம்.

பதிலை வீட்டுக்குப் போடாதே. என்னோடு ஒன்பதாவது படிக்கும் பாகம்பிரியாளின் விலாசத்தைப் பின்னால் எழுதியிருக்கிறேன். அவள் அப்பா பெரிய கோயிலில் குருக்கள். அவர் கேட்க மாட்டார், கேட்டாலும் அவள் சமாளித்துக்கொள்வாள்.

அப்பா புரண்டு படுக்கிறார். விளக்கைத் தணிக்கிறேன். குழந்தைக்கு என் முத்தம்.

உன் தங்கை,
ரேணுகாம்பாள்


வேலூர்,
24.6.1979

என் கண்ணு ரேணுவுக்கு,

கர்த்தர் கொடுத்த சுகத்தோடு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். மாமா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். பத்து மாதம் கழித்து உன் கையெழுத்தைப் பார்த்தேன். 'ழ' போடுவது இன்னும் கோணல்தான்.

உனக்குத் தெரியாது என்று நான் நினைக்கவில்லை. குழந்தை இல்லை, ரேணு. பெண் குழந்தை. பனிக்குடம் உடைந்தபோது மாமாவுக்கு ராத்திரி டியூட்டி. வீட்டில் நான் மட்டும்தான் இருந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் நேரமாகிவிட்டது. பிறந்தது, அழவில்லை. சபைக் கல்லறைத் தோட்டத்தில் சுவரோரம் அடக்கம் செய்தோம். நான் மூன்று மாதம் படுக்கையில் கிடந்தேன்.

இதை அம்மாவிடம் சொல்லாதே. சொன்னால் உடைந்துவிடுவாள். 'இனி எழுதாதே, எங்களுக்கு நீ இல்லை' என்று அம்மா உன்னை எழுத வைத்த கடிதம் என்னிடம்தான் இருக்கிறது. முதலில் அதைப் பார்க்கும்போதெல்லாம் கிழித்துப் போடத் தோன்றும். பிறகு சபையில் முழங்காலில் நின்று, அம்மாவை மன்னித்துவிட்டேன் என்று கர்த்தரிடம் சொல்லிவிட்டேன். அவர் என்னை மன்னித்திருக்கும்போது நான் மட்டும் எப்படிப் பிடித்துவைத்திருப்பது? கிருபை என்றால் அதுதான். எங்கள் பெண்கள் கூட்டத்தில் இதைச் சாட்சியாகச் சொன்னபோது நிறைய பேர் அழுதார்கள்.

உன்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அம்மா சொன்னாள், நீ எழுதினாய். பதிமூன்று வயதுப் பிள்ளை வேறென்ன செய்யும்?

நன்றாகப் படி. ராத்திரியில் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே. தினமும் உனக்காக ஜெபிக்கிறேன்.

அக்கா,
சரசு


3.7.1979

இயேசு சாமிக்கு,

ரேணுகாம்பாள் எழுதிக்கொள்வது. உங்கள் சுகத்தை விசாரிக்கலாமா கூடாதா என்று தெரியவில்லை. பழக்கமில்லாததால் 'நீங்கள்' என்று எழுதுகிறேன். அண்ணாமலையாரை நாங்கள் 'நீ' என்றுதான் சொல்வோம். எப்படிக் கும்பிட வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. எனக்குத் தெரிந்தது கடிதம் எழுதுவது மட்டும்தான். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. வீட்டுக்கு வருகிற கடிதமெல்லாம் நான்தான் படிப்பேன், போகிறதெல்லாம் நான்தான் எழுதுவேன்.

போன ஆவணியில் அக்காவின் கடிதம் வந்தது. தபால்காரரிடம் வாங்கி அம்மா இடுப்பில் செருகிக்கொண்டு, நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்வரை வேலியோரம் நின்றிருந்தாள். மாட்டுக் கொட்டகையில் வைத்துப் படிக்கச் சொன்னாள். அதில் இருந்தது இது: 'ரத்தம் கம்மியாக இருக்கிறதாம். மாமாவுக்கு ராத்திரி டியூட்டி. தனியாக இருக்கப் பயமாக இருக்கிறது. தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வரலாமா? அப்பா ஒத்துக்கொள்ளாவிட்டால் நீ மட்டுமாவது பத்து நாள் வந்து இரும்மா.'

நான் படித்துக் காட்டியது வேறு. 'சௌக்கியம். மாமியார் நன்றாகப் பார்த்துக்கொள்கிறார். யாரும் வர வேண்டாம்.'

அம்மா காகிதத்தைத் திருப்பிப் பார்த்தாள். "அவ்ளோதானா? ரெண்டு பக்கமும் எழுதியிருக்குதே."

"எழுத்து பெருசும்மா" என்றேன்.

ஏன் அப்படிச் செய்தேன் என்றால், அப்பா அம்மாவிடம் சொல்லியிருந்தார்: "வேலூர் பஸ் ஏறினன்னா அப்படியே போயிடு. சின்னவ இங்கதான் இருப்பா." அம்மா போய்விட்டால் அப்பாவோடு நான் மட்டும் இருக்க வேண்டும். அவர் குடித்துவிட்டு வந்தால் நடுவில் வந்து நிற்க யாரும் இல்லை. கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டிருந்தபோது அது ஒன்றுதான் எனக்குத் தோன்றியது. அக்கா தோன்றவில்லை.

பதில் எழுத அம்மா சொன்னது: "வேணும்னா ஒரு வரி போடச் சொல்லு. கட்டின புடவையோட வந்துடறேன்னு எழுதுடி." இன்னொரு கடிதம் வந்தால் என்ன செய்வது என்று பயந்து, இனி எழுதாதே என்று எழுதினேன். முடித்ததும் அம்மா எனக்கு ஒரு வேர்க்கடலை உருண்டை கொடுத்தாள். தின்றேன்.

பிள்ளைக்கு என்று பழைய புடவையைக் கிழித்து, துவைத்து, மடித்து வைத்திருந்தாள். அன்று ராத்திரி அதையெல்லாம் பிரித்துக் கரித்துணியோடு போட்டுவிட்டாள்.

குழந்தை செத்துப்போனது இப்போதுதான் தெரியும். நீங்கள் எல்லாவற்றையும் மன்னிப்பீர்கள் என்று அக்கா எழுதுகிறாள். எழுதுகிறவளுக்கு நான் செய்தது தெரியாது. உங்களுக்குத் தெரியும். எனக்குப் பயமாக இருக்கிறது.

விலாசம் தெரியாததால் இதைத் தபாலில் போடவில்லை.

இப்படிக்கு,
அ. ரேணுகாம்பாள்


அடி அண்ணாமலை,
20.7.1979

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உன் உடம்பு இப்போது எப்படி இருக்கிறது? ரத்தத்துக்கு மருந்து சாப்பிடுகிறாயா? எனக்கு ஒன்றுமில்லை.

பாகம்பிரியாள் உன் கடிதத்தை வகுப்பில் புத்தகத்துக்குள் வைத்துக் கொடுத்தாள். "கிறிஸ்தவா வீட்டுக் கடுதாசி எங்காத்துல விழறதுடி. எங்கப்பா அதை எடுத்து விபூதி சம்புடத்துமேலயே வெச்சுட்டார், தெரியுமோ!" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாப்பாவைப் பற்றி நீ எழுதியதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஒன்று கேட்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு பெண் ஒரு பாவம் செய்துவிட்டாள். யார் என்று கேட்காதே. உங்கள் சாமி அவளை மன்னிக்க வேண்டுமானால் அவள் என்ன செய்ய வேண்டும்? நாங்கள் என்றால் வேண்டிக்கொள்வோம், மொட்டை போடுவோம், மண்சோறு சாப்பிடுவோம். உங்களுக்கு என்ன?

தெரியாததால் ஒன்பதாம் தேதி பௌர்ணமிக்கு அவளுக்காக நான் மலை சுற்றினேன். தெருப் பெண்களோடு போவதாக அம்மாவிடம் சொன்னேன். ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ஒவ்வொரு லிங்கத்திலும் நின்று, 'இயேசு சாமி, மன்னிச்சுடுங்க' என்றேன். அவர் மலையைச் சுற்றிக்கொண்டு இன்னொரு சாமியைக் கூப்பிடுகிறேனே என்று அண்ணாமலையாரிடமும் மன்னிப்புக் கேட்டேன். பதினோரு பௌர்ணமி என்று நேர்ந்துகொண்டிருக்கிறேன். பதினொன்று போதுமா? உங்கள் சாமிக்கு இன்னும் ஜாஸ்தி சுற்ற வேண்டுமா?

பெரிய பாவமாக இருந்தால் என்ன ஆகும் என்றும் எழுது. சீக்கிரம் எழுது அக்கா. ராத்திரியில் கண்ணை மூட முடியவில்லை.

உன் தங்கை,
ரேணு


வேலூர்,
2.8.1979

ரேணு கண்ணு,

மருந்தெல்லாம் சாப்பிடுகிறேன், தெம்பாகத்தான் இருக்கிறேன். உன் கடிதத்தை மாமாவிடம் படித்துக் காட்டினேன். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம், கோபித்துக்கொள்ளாதே. இயேசுவுக்காக அண்ணாமலையைச் சுற்றியவள் உலகத்திலேயே நீ ஒருத்தியாகத்தான் இருப்பாய்.

பைத்தியக்காரி, அவருக்கு மலையும் வேண்டாம், மொட்டையும் வேண்டாம். நீ நடந்து நடந்து வாங்குவதாக இருந்தால் அது கூலி. கிருபை சும்மா கிடைப்பது. வாங்கிக்கொள்ளத் தகுதி இல்லாதவனுக்குக் கொடுப்பது. நம்முடைய பாவத்துக்காக அவர் சிலுவையில் மரித்தாரே, அதற்குமேல் உன் ஒன்பது மைல் என்ன செய்யப்போகிறது?

பாகம்பிரியாள் அப்படி என்னதான் செய்துவிட்டாள்? பரீட்சையில் காப்பி அடித்தாளா? எதுவாக இருந்தாலும், யாருக்கு எதிராகச் செய்தாளோ அவர்களிடம் போய்ச் சொல்லிவிடச் சொல். அவர் மன்னிக்க முடியாத அளவுக்குப் பெரிய பாவம் என்று ஒன்று இல்லவே இல்லை. இதை நான் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன், அவளிடம் காட்டு.

ஒரு சேதி இருக்கிறது, உறுதியானதும் எழுதுகிறேன். அம்மாவைச் சாப்பிடச் சொல்.

அக்கா,
சரசு


அடி அண்ணாமலை,
11.8.1979

அக்கா,

சுகமா என்று கேட்கக்கூட எனக்குத் தகுதி இல்லை.

பாகம்பிரியாள் ஒன்றும் செய்யவில்லை. இதோடு இருக்கிற காகிதம் போன மாதம் மூன்றாம் தேதி நான் இயேசு சாமிக்கு எழுதியது. யாருக்கு எதிராகச் செய்தோமோ அவர்களிடம் சொல்ல வேண்டும் என்று நீதான் எழுதினாய். கையெழுத்துப் போட்டிருக்கிறாய்.

அதை நம்பி அனுப்புகிறேன்.

ரேணு


அடி அண்ணாமலை,
14.10.1979

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் மாமாவும் சுகமாக இருக்க வேண்டும். என்னைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

இரண்டு மாதம் ஆகிவிட்டது. பாகம்பிரியாளிடம் தினமும் கேட்பதால் இப்போது என்னைப் பார்த்ததும் அவளே தலையை ஆட்டிவிடுகிறாள். மலை வேண்டாம் என்று எழுதினாய். ஆனாலும் நீ பதில் போடாதபோது எனக்கு வேறு வழி தெரியவில்லை. மொத்தம் நான்கு பௌர்ணமி ஆகிவிட்டது. ஐந்தாம் தேதி சுற்றும்போது குதிகால் வெடித்து ரத்தம் வந்தது. வரட்டும் என்று நடந்தேன்.

அம்மா அதைப் பார்த்துவிட்டாள். வேப்பெண்ணெய் காய்ச்சிக்கொண்டு வந்து, என் காலை மடியில் வைத்துக்கொண்டாள். "யாருக்குடி இப்படி வேண்டிக்கினு நடக்கறே? பரீச்சைக்கா?" என்றாள். என் காலை அவள் பிடித்திருந்ததை என்னால் தாங்க முடியவில்லை. சொல்லிவிட்டேன். பாப்பா செத்ததையும் சொன்னேன். சொல்லாதே என்று நீ எழுதியிருந்தாய். அதையும் மீறிவிட்டேன்.

அம்மா அழவில்லை. எழுந்து உள்ளே போய், புளிப்பானைக்கு அடியிலிருந்து உன் கடிதத்தை எடுத்து வந்தாள். பழுப்பாகி, புளி வாசனை வந்தது. அதை இத்தனை நாள் வைத்திருந்தாள் என்று எனக்குத் தெரியாது.

"படி" என்றாள்.

"அம்மா, வேணாம்மா."

"அவ எழுதினது இருக்கிறபடி படி."

படித்தேன். பயமாக இருக்கிறது என்ற இடம் வந்ததும் நிறுத்தச் சொன்னாள். "அந்த எழுத்து எங்க இருக்குது? காட்டு" என்றாள். விரலை வைத்துக் காட்டினேன். அந்த இடத்தை விரலால் தடவினாள். பிறகு, "என்னைக் கூப்பிட்டிருக்கா. நான் போகலை" என்றாள். அவள் போகாததற்கு நான்தான் காரணம் என்று சொன்னேன். அது அவள் காதில் விழவில்லை.

அதற்குப் பிறகு என்னோடு பேசுவதில்லை. தட்டில் சோறு வைக்கிறாள், தலை பின்னிவிடுகிறாள், பேசுவதில்லை. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அப்பா, "என்ன ரெண்டு பேரும் ஊமைச்சிங்க ஆயிட்டீங்களா?" என்று கேட்டார்.

திட்டியாவது எழுது அக்கா. ஒரு வரி போதும்.

ரேணு


வேலூர்,
22.10.1979

அன்பு ரேணுகாம்பாளுக்கு ராஜமாணிக்கம் எழுதுவது.

நீயும் உன் பெற்றோரும் சுகமாக இருக்கக் கர்த்தரை வேண்டுகிறேன். நாங்கள் இருக்கிறோம்.

உன் ஆகஸ்ட் மாதக் கடிதத்தை உன் அக்கா படித்தாள். அதன்பிறகு வந்ததைப் பிரிக்கவில்லை. நான் பிரித்துப் படித்தேன், மன்னித்துக்கொள். அவள் இப்போது நான்கு மாதம் கர்ப்பமாக இருக்கிறாள். வீட்டில் உன் பெயரைச் சொன்னால் எழுந்து போய்விடுகிறாள். நீ சிறு பிள்ளை என்பதை நான் மறக்கவில்லை. ஆனால் இறந்தது என் பிள்ளையும்தான்.

சில காலம் எழுத வேண்டாம். காலுக்கு மருந்து போட்டுக்கொள்.

இப்படிக்கு,
ராஜமாணிக்கம்


அடி அண்ணாமலை,
4.12.1979

அக்காவுக்கு,

உனக்கும் வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கும் ஒரு குறையும் வரக்கூடாது. எழுத வேண்டாம் என்று மாமா சொல்லியும் எழுதுகிறேன். இதுதான் கடைசி. நீ பிரிக்க மாட்டாய், அதனால்தான் எழுதத் தைரியம் வருகிறது.

மலை சுற்றுவதை விட்டுவிட்டேன். யாருக்காக நடப்பது என்று தெரியவில்லை.

நேற்று தீபம். ஊரே வாசலில் நின்று, மலைமேல் சுடர் தெரிந்ததும் அரோகரா என்று கத்தியது. அதைப் பார்த்தால் செய்த பாவமெல்லாம் போய்விடும் என்று பக்கத்து வீட்டு ஆயா என் தலையைப் பிடித்துத் திருப்பினாள். நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். ஒருவேளை நிஜமாகவே போய்விட்டால்? நீ வேலூரில் அப்படியே இருக்க, இங்கே என் பாவம் மட்டும் போய்விடுவது சரியில்லை. உன்னைத் தாண்டிக்கொண்டு எந்தச் சாமியிடமும் மன்னிப்பு வாங்க எனக்கு இஷ்டமில்லை.

அம்மாவும் தீபத்தைப் பார்க்கவில்லை. மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, போளூர் பக்கம் வேலூர் பஸ் போகிற திசையைப் பார்த்து நின்றிருந்தாள்.

குழந்தை நல்லபடியாகப் பிறந்தால் எப்படியாவது எனக்குத் தெரிய வேண்டும். பெயர்கூட வேண்டாம். அழுதது என்று தெரிந்தால் போதும்.

ரேணுகாம்பாள்


வேலூர்,
27.1.1980

ரேணுவுக்கு,

நான் நடமாடுகிறேன். பிள்ளை அசைகிறது. டாக்டரம்மா பங்குனி முதல் வாரம் என்கிறார்.

உன் கடிதங்களை மாமா என் வேதாகமத்துக்குள் வைத்துவிட்டார். அதனால் மூன்று மாதம் நான் அதைத் திறக்கவில்லை. திருவிருந்துக்கும் போகவில்லை. எல்லாரும் எழுந்து முன்னால் போவார்கள், நான் பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பேன். போதகர் கேட்டதற்குக் கால் வீக்கம் என்றேன்.

உன்னிடம் மறைக்க மாட்டேன். என் பிள்ளைக்குப் பதில் நீ செத்திருக்கலாம் என்று நினைத்தேன். ஒரு நாள் அல்ல, பல நாள். உன்னை மன்னிக்கிற சாமி எனக்கு வேண்டாம் என்று இருந்தது. மன்னிக்க முடியாத பாவமே இல்லை என்று கையெழுத்துப் போட்டுத் தந்தவள் நான்தான். அது பாகம்பிரியாள் செய்த பாவம் என்று நினைத்துப் போட்ட கையெழுத்து.

இன்னொன்று அதைவிட வெட்கமாக இருக்கிறது. அம்மாவை மன்னித்துவிட்டேன் என்று கூட்டத்தில் எழுந்து நின்று சாட்சி சொன்னேனே, அம்மா என்ன தப்புச் செய்தாள்? கட்டின புடவையோடு வருகிறேன் என்று சொன்னவளை மன்னித்துவிட்டுப் பெருமையாகத் திரிந்திருக்கிறேன். நிஜமாகவே மன்னிக்க வேண்டியது வந்தபோது ஓடி ஒளிந்துகொண்டேன். கிருபையைப் பற்றி உனக்கு எழுதியதெல்லாம் கரையில் உட்கார்ந்துகொண்டு கிணற்றின் ஆழத்தைச் சொன்ன மாதிரிதான்.

வருஷப் பிறப்பு ஆராதனை முடிந்து வந்து, ராத்திரியோடு ராத்திரியாக எல்லாவற்றையும் பிரித்துப் படித்தேன். தீபத்தைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டாய் என்ற இடத்துக்குமேல் படிக்க முடியவில்லை. நீ உன் தப்பை விட்டுவிடாமல் பிடித்திருக்கிறாய். நான் என் தப்பை எப்போதோ தள்ளிவிட்டேன், ரேணு. கேள். பனிக்குடம் உடைந்தபோது மணி ஒன்பது. பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டியிருந்தால் ரிக்‌ஷா கொண்டுவந்திருப்பார்கள். தட்டவில்லை. பெற்றவளே வேண்டாம் என்ற பிறகு இனி யாரிடமும் கெஞ்ச மாட்டேன் என்று வீம்பு. ஒரு மணிக்கு வலி தாங்காமல் நான் கத்தியதைக் கேட்டு அவர்களே வந்தார்கள். அந்த நாலு மணி நேரம் என்னுடையது. அதை மாமாவிடம்கூடச் சொன்னதில்லை. உன் கடிதம் வந்ததும் அதையும் உன் தலையில் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்று பார்த்தேன்.

அன்றே மாமாவிடம் சொன்னேன். அவர் வெகுநேரம் வாசலில் போய் நின்றார். திரும்பி வந்து, "சாப்பிட்டியா?" என்று கேட்டார். அவ்வளவுதான். அந்த ஒரு கேள்விக்கு முன்னால் நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவர் எனக்குக் கொடுத்ததை நான் உனக்குத் தராமல் எப்படி இருப்பேன்?

கோபம் முழுதாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். சில காலையில் வருகிறது. நீ வந்தால் முதல் நாள் நான் முகம் கொடுத்துப் பேசாமல் இருக்கலாம். அப்படியும் வா. போன தடவை கேட்டதைத்தான் இப்போதும் கேட்கிறேன். அம்மாவையும் வரச் சொல். இருக்கிறபடி படித்துக் காட்டு.

பிள்ளை பிறந்ததும் நாக்கில் முதலில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைப்போமே, யார் தொட்டு வைக்கிறார்களோ அவர்கள் குணம்தான் பிள்ளைக்கு வரும் என்பார்களே. அதை நீ வைக்க வேண்டும்.

அக்கா


அடி அண்ணாமலை,
10.2.1980

அன்புள்ள அக்காவுக்கு,

வயிறு இறங்கியிருக்கிறதா, தூக்கம் வருகிறதா என்று அம்மா கேட்கச் சொன்னாள். அவள் என்னோடு பேசிவிட்டாள், அக்கா.

உன் கடிதத்தை ஒரு எழுத்து விடாமல் படித்தேன். நீ என்னைச் செத்திருக்கலாம் என்று நினைத்த இடத்தையும் படித்தேன். அங்கே அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். நாலு மணி நேரம் வந்தபோது, "ஐயோ, என் பொண்ணே" என்றாள். உன்னைத்தான் சொல்கிறாள் என்று நினைத்தேன். என்னைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

ராத்திரி அப்பா சாப்பிட உட்கார்ந்ததும் சொன்னாள். "பங்குனியில சரசுக்குப் பிரசவம். நான் போறேன். சின்னவளையும் இட்டுக்கினு போறேன்."

அப்பா தட்டைத் தள்ளினார். "போனா அப்படியே போயிடு. திரும்பி வந்து கதவைத் தட்டாத."

"சரிங்க."

அப்பா இதை எதிர்பார்க்கவில்லை. கை ஓங்கினார். நான் நடுவில் போய் நின்றேன். கையை இறக்கிவிட்டு, "மாட்டுக்கு யாரு தண்ணி காட்டறது?" என்றார்.

"நீங்கதான்" என்றாள் அம்மா.

திரும்பி வந்தால் விடுவாரா என்று எனக்குப் பயம்தான். அம்மாவிடம் கேட்டேன். "அதை அப்ப பாத்துக்கலாம்" என்கிறாள்.

ஆனால் சர்க்கரைத் தண்ணீர் மட்டும் என்னால் முடியாது. அம்மா வைக்கட்டும், இல்லை மாமாவின் அம்மா வைக்கட்டும். நீ பெரிய மனதோடு கேட்கிறாய். பொய்யாகப் படித்தவள் நான், எழுதியவள் நான், கடலை உருண்டை தின்றவள் நான். என் குணம் உன் பிள்ளைக்கு வேண்டாம், அக்கா. நான் துணி துவைக்கிறேன், தண்ணீர் சுமக்கிறேன், வாசலில் படுத்துக்கொள்கிறேன்.

உன் தங்கை,
ரேணு


(அஞ்சலட்டை)

அடி அண்ணாமலை, அப்பாதுரை அவர்கள் வீட்டில் இருக்கும் ரேணுகாம்பாளுக்கு.

வேலூர், 16.2.1980

எல்லாரும் சுகமா? இதை வீட்டுக்கே, கார்டில் எழுதுகிறேன். அப்பா படித்தாலும் படிக்கட்டும்.

துணி துவைக்க இங்கே ஆள் இருக்கிறது. உன் குணம் எனக்குத் தெரியும், தெரிந்துதான் கேட்டேன். மாமாவையும் கேட்டேன், அவரும் உன் பெயரைத்தான் சொன்னார். வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸுக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு வா. மாமா பஸ் ஸ்டாண்டில் நிற்பார்.

கையை நன்றாகக் கழுவிக்கொள். வேறொன்றும் வேண்டாம்.

சரசு